கற்பகத்தின் அடுத்த புரோகிராம்

கடைசி எக்சர்சைஸ் வீடியோ முடிந்ததும் டி.வி. திரையில் கலர் கலராகக் காகிதத் துணுக்குகள் பறந்தன. ‘வாழ்த்துகள் கற்பகம்! முடித்துக் காட்டிவிட்டீர்கள்!’ என்று எழுத்து வந்தது. கற்பகம் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, மூச்சு அடங்காமல் அதை வாசித்தாள். நாற்பத்தாறு வயதில் அவளைப் பெயர் சொல்லி யாரும் வாழ்த்தியதாக ஞாபகம் இல்லை. கல்யாணத்தில்கூட ‘மணமக்கள் வாழ்க’ என்றுதான் பேனர் கட்டியிருந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகையை முந்திக்கொண்டு இருமல் வந்துவிட்டது.

இருமல் வராமல் என்ன செய்யும்? அவள் குதித்துக்கொண்டிருந்தது மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவில். அவள் வீட்டுக்காரர் பூவனநாதனுக்குக் கோவில்பட்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் வத்தல் மண்டி. அங்கே இடம் பற்றாத மூட்டைகள் வீட்டு மாடி ரூமுக்கு வந்துவிடும். குண்டு வத்தல் ஒரு பக்கம், சம்பா வத்தல் ஒரு பக்கம் என்று சுவர் மறைய அடுக்கியிருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நெடியில்தான் அவள் சோறு ஆக்குகிறாள், தூங்குகிறாள், அது அவளை ஒன்றும் செய்ததில்லை. ஆனால் ஓடிக் குதித்து, வாயைத் திறந்து மூச்சை இழுக்கும்போது, இவள் மண்டிக்காரர் சம்சாரமாயிற்றே என்று வத்தல் பார்க்குமா? தொண்டை கமறிக் கண்ணில் தண்ணீர் கொட்டும். ஜன்னலைத் திறந்து வைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். திறக்கக் கூடாதென்று பூவனநாதன் அண்ணாச்சியின் உத்தரவு.

அந்த உத்தரவு வந்த கதையைச் சொல்ல, ஒரு பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போன வருஷம் சாத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினார்கள். பஸ்ஸின் முதல் படி உயரம். கற்பகம் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டாள். இன்னொரு கால் தரையை விட்டு வருவேனா என்றது. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, “ஏலே, பின்னால ரெண்டு பேர் தாங்குங்கலே, லோடு வெயிட்டா இருக்கு!” என்று கண்டக்டர் சத்தம் போட்டார். பஸ்ஸே சிரித்தது. எந்தப் பஸ்ஸில்தான் எகத்தாளம் இல்லை, அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். முன் சீட்டில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்த பூவனநாதனும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு அவள் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. விசேஷ வீட்டில் இலை போட்டுக் கூப்பிட்டார்கள்; தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் மகள் ஜெயப்பிரியாவிடம் போனில் இதைச் சொல்லி அழுதாள். தீபாவளிக்கு வந்த மகள், மாடி ரூமில் சும்மா கிடந்த பழைய டி.வி.யைத் துடைத்து, சென்னையிலிருந்தே மாற்றிக்கொள்கிற மாதிரி தன் போனோடு என்னென்னவோ இணைத்து, ஒரு புரோகிராமைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். கோயம்புத்தூரிலிருந்து பாடம் நடத்துகிற ஒரு பெண். முப்பது வயது இருக்கும், உடம்பு முறுக்கிய கயிறு மாதிரி இருந்தது. ‘விட்டுராதீங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று கெஞ்சிக் கெஞ்சியே அஞ்சு ஆறு போடவைத்துவிடுவாள். பர்ப்பி என்று ஒன்று சொல்லித் தந்தாள்: விழுந்து கும்பிட்டு, எழுந்து, அப்படியே மேலே குதிக்க வேண்டும். சாமிக்கு நேர்ந்துகொண்டு விழுகிறவன்கூட எழுந்து குதிப்பதில்லை. முதல் வாரம் கற்பகம் விழுந்தாள்; எழுந்திருப்பதற்கு மூட்டையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மாடியில் தடதடவென்று சத்தம் கேட்டு ஏறி வந்த பூவனநாதன், கதவருகில் நின்று பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“ஏட்டி, இது என்ன கூத்து? இந்த வயசுல தையாத் தக்கான்னு குதிக்க? மண்டிக்காரன் பொண்டாட்டி ஆட்டம் போடுதான்னு நாளைக்கு மார்க்கெட் பூரா சிரிப்பான்.”

“உடம்பு எறங்கட்டும்னுதான் செய்யுதேன். முட்டி வலி தாங்க முடியல.”

“செய்யணும்னா கதவு ஜன்னலை அடைச்சிக்கிட்டுச் செய். ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. எவளாவது கேட்டா வாயைத் தெறக்காத, ஆமா.”

இதைச் சொன்னவர், தினமும் காலையில் வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு கூட்டாளிகளோடு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறவர். நடந்து முடித்து, டீக்கடையில் ரெண்டு வடை தின்றுவிட்டு வருவார். அது ஆரோக்கியம், அதை ஊரே பார்க்கலாம். பொம்பளை மூடிய ரூமில் குதித்தால் மானம் போய்விடும். அவருடைய நியாயம் அது, அதற்குமேல் அப்பீல் கிடையாது.

கற்பகம் கதவை அடைத்தாள், ஜன்னலைக் கொக்கி போட்டு மூடினாள், நெடிக்குள் குதித்தாள். இருமினாள், முனகினாள், மூச்சு வாங்கினாள்; ஆனால் விடவில்லை. ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டு, கொள்ளு ரசம் குடித்தாள். மூன்றாம் மாசத்தில் உடம்பு கரையத் தொடங்கியது. முட்டி வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கேஸ் சிலிண்டரை யாரையும் கூப்பிடாமல் தானே நகர்த்தினாள். பஸ் படியில் ஒரு தடவை, வேண்டுமென்றே கம்பியைப் பிடிக்காமல் ஏறிப் பார்த்தாள்; யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரும் பார்க்காத அந்தச் சுகத்தை அவள் அதற்கு முன்னால் அறிந்ததில்லை. குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நிற்கும்போது, யார் இவள் என்று கேட்டு, நான்தான் என்று பதில் சொல்லிக்கொள்ளத் தோன்றும். தன் உடம்பு தனக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்ல ஆள் இல்லை.

திரையில் காகிதங்கள் பறந்து ஓய்ந்ததும் மூன்று படங்கள் வந்து நின்றன. ‘அடுத்து எது?’ என்று மேலே கேள்வி. முதலாவது, முடித்ததையே இன்னும் இரட்டை வேகத்தில் செய்வது. இரண்டாவதில் ஒருத்தி ரெண்டு கையிலும் இரும்பைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மூன்றாவது, பாயில் உட்கார்ந்து உடம்பை வளைக்கிற சாதுவான வகை. துணிக்கடையில் சேலையை விரித்துப் போட்டுக் கேட்பதுபோல அந்தக் கேள்வி நின்றுகொண்டிருந்தது. கற்பகம் அவசரப்படவில்லை. அவள் கல்யாணச் சேலையை மாமியார் எடுத்தார், வீட்டுப் பெயிண்ட்டை வீட்டுக்காரர் எடுத்தார், மகளுக்குப் பெயரை ஜோசியர் எடுத்தார். இது ஒன்று அவள் எடுக்க வேண்டியது. ஒரு வாரம் வைத்து ருசித்தாள். சாம்பார் தாளிக்கும்போது வேகமா இரும்பா என்று யோசிப்பாள். துணி காயப்போடும்போது இரும்பா பாயா என்று யோசிப்பாள்.

கடைசியில் இரும்புதான் என்று மனசு சொல்லிவிட்டது. மண்டிக்கு எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு பழைய எடைக்கல்லெல்லாம் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தது. ரெண்டு அஞ்சு கிலோக் கல்லை எடுத்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய வேட்டியைக் கிழித்துக் கைப்பிடியில் சுற்றி, மாடியில் கொண்டுபோய் வைத்தாள். தூக்கிப் பார்த்தாள். கை நடுங்கியது. நடுங்கட்டும், எத்தனை நாளைக்கு நடுங்கிவிடும் என்று நினைத்தாள்.

இவள் உள்ளே இப்படி இருக்க, வெளியே ஊர் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை நாற்பத்தைந்துக்கு மேல் குண்டானால் குடும்பம் நன்றாக இருக்கிறதென்று அர்த்தம். இளைத்தால் சீனி வியாதி, அல்லது மனக்கஷ்டம், அல்லது வாயில் சொல்லக் கூடாத நோய். நாலாவது காரணம் ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. “என்னக்கா இப்படி வத்தலாப் போயிட்டீங்க, சுகர் பாத்தீங்களா?” என்று பூக்காரி கேட்டாள். “அண்ணாச்சி ஏதும் வம்பு பண்ணுதாவளோ?” என்று கோயில் வாசலில் ஒருத்தி கிசுகிசுத்தாள். கற்பகம் உத்தரவுப்படி வாயைத் திறக்காமல், “ஒண்ணும் இல்லையே” என்று சிரித்துவிட்டு வந்தாள். ஒண்ணும் இல்லை என்று சிரித்தால் என்னமோ இருக்கிறது என்றுதானே ஊர் எடுத்துக்கொள்ளும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் முப்பிடாதி வீடு. கற்பகத்துக்குப் பதினைந்து வருஷக் கூட்டாளி, தங்கமான மனுஷி. தினமும் காலையில் சுவர் வழியாக அவளுக்குக் கேட்டது என்னவென்றால்: தொம்மென்று யாரோ விழுகிற சத்தம். முனகல். இழுத்து இழுத்து வாங்கும் மூச்சு. பிறகு அடிவயிற்றிலிருந்து கிளம்புகிற இருமல், கமறிக் கமறி, நிற்கவே நிற்காத இருமல். கொஞ்ச நேரம் கழித்து முகமெல்லாம் சிவந்து, கண் கலங்கி, கற்பகம் கீழே வருவாள். கேட்டால் ஒண்ணும் இல்லை என்பாள். முப்பிடாதி வேறென்ன நினைப்பாள்? ஆஸ்பத்திரிக்குக்கூடக் கூட்டிப்போகாமல் ரூமில் போட்டு அடைத்து வைத்திருக்கிறானே பாவி என்று பூவனநாதனை மனசுக்குள் வைதாள். கூட்டாளிக்குச் சுகமானால் அம்மனுக்கு மாவிளக்கு எடுப்பதாக நேர்ந்துகொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஜெயப்பிரியாவுக்குக் கயத்தாற்றிலிருந்து வரன் வந்தது. நாலுவழிச் சாலையில் ஓட்டல் வைத்திருக்கிற குடும்பம். பையன் அருண்பாண்டியனுக்கும் சென்னையில்தான் வேலை. தரகர் சோலைச்சாமி ஜாதகத்தைக் கொண்டுவந்தார், பொருந்தியது. பையனும் பெண்ணும் சென்னையிலேயே பார்த்துப் பேசிக்கொண்டார்கள், அதுவும் பொருந்தியது. இனி பெரியவர்கள் முறைப்படி வந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி. வருவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கமல்லவா? கயத்தாற்றிலிருந்து ரெண்டு பெண்கள் வந்து, முப்பிடாதி வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

முப்பிடாதி ஒரு குறை சொல்லவில்லை. பெண் தங்கம், குடும்பம் தங்கம் என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த அக்காதான் பாவம். காலைல இருமுத இருமல் கேட்டா நமக்கு நெஞ்சு அறுந்து போவும். உங்களுக்குக் கோடிப் புண்ணியம், கல்யாணத்தைச் சீக்கிரம் முடிச்சிருங்க. பெத்தவ கண்ணால பாத்துரட்டும்” என்றாள்.

மனசாரச் சொன்னாள். பகையாளி சொல்லியிருந்தால்கூட ‘பொறாமையில் பேசுகிறாள்’ என்று தள்ளியிருப்பார்கள். அழுதுகொண்டே சொன்னதை யார் தள்ளுவார்கள்?

ரெண்டு நாள் கழித்துச் சோலைச்சாமி வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தார். வெற்றிலையை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, “அண்ணாச்சி, அவிய யோசிக்காவ. பொண்ணோட அம்மாவுக்கு நெஞ்சு வியாதியாமே, அது பிள்ளைக்கும் வந்திருமோன்னு பையனோட அம்மா பயப்படுதாவ” என்றார்.

அடுப்படியில் நின்ற கற்பகத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. முகம் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இதோ மாடியில் டி.வி. இருக்கிறது, எடைக்கல் இருக்கிறது, நான் எக்சர்சைஸ் செய்கிறேன் என்று சொன்னால் முடிந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் பூவனநாதன் முந்திக்கொண்டார்.

“வியாதியும் இல்ல, ஒரு எளவும் இல்ல. டைபாய்டு வந்து படுத்துட்டா. இப்பத்தான் எந்திரிச்சிருக்கா. ஒரு ரெண்டு மாசம் போனா பழையபடி தேறிருவா. அப்ப வந்து நேர்ல பாக்கச் சொல்லுங்க.”

சோலைச்சாமி முகம் தெளிந்து வெற்றிலையை மடித்தார். அவர் தெரு முனை தாண்டட்டும் என்று காத்திருந்து கற்பகம் கேட்டாள்.

“எனக்கு எப்பங்க டைபாய்டு வந்துச்சு? உள்ளதைச் சொன்னா என்ன?”

“என்னத்தைச் சொல்ல? சம்மந்திக்காரன்கிட்ட, என் பொண்டாட்டி மாடியில விழுந்து விழுந்து குதிப்பா, அதான் எளைச்சிட்டான்னு சொல்லவா? கூறு இருக்கா உனக்கு? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு பெரியவன் சும்மாவா சொன்னான்?”

“அதுக்கு இல்லாத காய்ச்சலையா சொல்லுவாவ?”

“காய்ச்சல் யாருக்கும் வரும். அதுல கேவலம் இல்ல.”

டைபாய்டில் கேவலம் இல்லை, தேகப்பயிற்சியில்தான் கேவலம். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினேன் என்று கற்பகத்துக்கு அன்றைக்கு முதல் தடவையாகத் தோன்றியது. ஆனாலும் ஒரு நம்பிக்கை அவளுக்கு இருந்தது. புரோகிராமைப் போட்டுக் கொடுத்தவள் மகள். சென்னையில் இருக்கிறவள், படித்தவள், அந்தப் பையனிடம் தினமும் பேசுகிறவள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும்.

சாயங்காலம் மகளே கூப்பிட்டாள்.

“அம்மா, அடுத்த புரோகிராம் எடுத்துட்டியா?”

“இரும்பு தூக்குவாள்லா, அதைத்தான் எடுக்கலாம்னு இருக்கேன். கல்லெல்லாம் தொடைச்சு வச்சிட்டேன்.”

 “இப்ப எதையும் எடுக்காதம்மா” என்றாள் மகள்.

“ஏன்டி?”

“அப்பா பேசினாங்க. அவங்க வீட்டுல இருந்து பாக்க வருவாங்களாம். நீ இப்படி இருந்தா நல்லா இருக்காதும்மா. கொஞ்சம் வெயிட் போடு. கல்யாணம் முடியுற வரைக்கும்தான்.”



“ஏட்டி, நீதானட்டி சேத்துவிட்டே? எங்கம்மா எக்சர்சைஸ் செய்யுதாவன்னு நீ அந்தப் பையன்கிட்டச் சொல்லிரலாம்லா?”

“சொல்லியிருப்பேன்மா. அப்பா டைபாய்டுன்னு சொல்லிட்டாங்களே. இப்ப நான் மாத்திச் சொன்னா அப்பா பொய் சொல்லிட்டாங்கன்னு ஆயிரும். அப்புறம் அவங்க எதை நம்புவாங்க?” அவள் குரல் இறங்கியது. “அம்மா, அருணை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கும்மா. இது தட்டிப்போச்சுன்னா நான்… ப்ளீஸ்மா. அதே ஆப்லயே வெயிட் ஏத்துறதுக்கும் ஒரு புரோகிராம் இருக்கு. நானே போட்டு விடுதேன்.”

அடுத்தது எது என்ற கேள்விக்கு இப்படியாக மகளே பதில் எழுதிவிட்டாள். மறுநாள் கற்பகம் மாடியில் டி.வி.யைப் போட்டபோது, மூன்று படங்களும் போய் நாலாவதாக ஒன்று நின்றது. ஒரு தட்டு நிறைய வாழைப்பழமும் முட்டையும் பாதாம் பருப்பும். அதே கோயம்புத்தூர்ப் பெண், அதே உற்சாகத்தோடு, ‘வாங்க, சேர்ந்து எடையைக் கூட்டலாம்’ என்றாள். அவளைக் கற்பகம் எவ்வளவோ நம்பியிருந்தாள்! பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு அழுகைக்கு முன்னால் இருமல் வரவில்லை.

மகள் ஆசைப்பட்டுவிட்டாள். மற்ற எல்லாவற்றையும் கற்பகம் எதிர்த்து நின்றிருப்பாள், அதை மட்டும் அவளால் எதிர்க்க முடியவில்லை.

குண்டாவதற்கு ஒரு பொம்பளைக்கு டி.வி. வேண்டுமா? இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கொள்ளு டப்பா பரணுக்கு ஏறியது, எள்ளு கீழே இறங்கியது. காலையில் உளுந்தங்களி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் குழி நிறைய ஊற்றி. மத்தியானம் ரெண்டு தட்டுச் சோறு. சாயங்காலம் எள்ளுருண்டை. பூவனநாதன் ஜென்மத்தில் முதல் தடவையாகப் பெண்டாட்டிக்குப் பார்சல் வாங்கிக்கொண்டு வந்தார்: புரோட்டா, சால்னா, அல்வா. எதிரில் உட்கார்ந்து, “இன்னும் ஒண்ணே ஒண்ணு வச்சிக்க” என்று பரிமாறினார். யாரோ எங்கேயோ இதே வார்த்தையைச் சொல்லி அவளை எழுப்பி நிறுத்தியது நினைவுக்கு வர, புரோட்டா தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினாள். மாசக்கணக்கில் வேர்த்து வேர்த்துச் சம்பாதித்ததை, வேர்க்காமல், தட்டுத் தட்டாகத் திருப்பிக் கட்டினாள்.

உடம்பு ஏற ஏற ஊர் சந்தோஷப்பட்டது. “இப்பத்தான்க்கா மூஞ்சில களை வந்திருக்கு” என்றாள் பூக்காரி. இருமல் நின்றதைக் கேட்டு முப்பிடாதி மாவிளக்கு எடுத்து, நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் மேல் கோபப்படவும் கற்பகத்தால் முடியவில்லை. தனக்காக ஊரில் உண்மையாக அழுதது அவள் ஒருத்திதானே. முட்டி வலி, விருந்துக்குப் போயிருந்த ஆள் மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தது. மாடிக்கு அவள் ஏறுவதே இல்லை. புது வத்தல் வரத்து வந்தபோது ரூமில் காலியாக இருந்த நடு இடத்திலும் மூட்டை அடுக்கிவிட்டார்கள், டி.வி. எந்த மூட்டைக்குப் பின்னால் போயிற்றோ தெரியாது.

கயத்தாற்றிலிருந்து வந்தார்கள். பையனின் அம்மா தங்கக்கனி கனத்த உடம்புக்காரி, பேச்சில் கள்ளம் இல்லாதவள். பெண்ணைப் பார்த்ததைவிடக் கற்பகத்தைத்தான் அதிகம் பார்த்தாள். கையைப் பிடித்துப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள். “இப்போ தேவலையா மைனி? காய்ச்சல் ஆளை உருக்கிட்டுன்னு சொன்னாவ. பரவால்ல, நல்லாத் தேறிட்டீங்க” என்று நிம்மதியாகச் சொன்னாள். பூவனநாதன் சபையில், “ராப்பகலாக் கண்ணு முழிச்சிப் பாத்தோம்லா” என்று செருமினார். வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். கல்யாணமும் ஒரு குறையில்லாமல் நடந்தது. பட்டுச்சேலையில் அம்மா லட்சணமாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். போட்டோவில் தன்னைப் பார்த்துவிட்டுக் கற்பகம் ஆல்பத்தை மூடிவைத்தாள்.

மறுவீட்டு விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கோவில்பட்டிக்கு வந்தார்கள். வாசல் படி ஏறும்போதே தங்கக்கனி, “யம்மா, இந்த முட்டி உசுரை வாங்குது” என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாடு முடிந்து கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதும் அதே பேச்சுதான். வெயிட்டைக் குறைத்தால்தான் முட்டி பிழைக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இந்த வயசில் எப்படிக் குறைக்க என்று தெரியவில்லையாம்.

புதுப்பெண் ஜெயப்பிரியாவுக்கு மாமியாரிடம் நல்ல பெயர் எடுக்கிற ஆசை. யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

“அதுக்கு எங்கம்மாகிட்டக் கேளுங்க அத்தை! வீட்டுலயே ஒரு புரோகிராம் பண்ணி எப்படிக் குறைச்சாங்க தெரியுமா? பர்ப்பியெல்லாம் போடுவாங்க. நானே ஆச்சரியப்பட்டேன்.”

“எப்போ?” என்றாள் தங்கக்கனி.

“போன தீபாவளிக்கு அப்புறம். நீங்கள்லாம் விசாரிக்க வந்தப்பக்கூட…” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அப்போ அந்த டைபாய்டு?”

  எல்லாம் முடிந்த பிறகு இப்போது வெடிக்கப்போகிறதா என்று கற்பகம் பயந்தாள். ஆனால் தங்கக்கனி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

“அட மைனி! இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே பாக்கு வெத்தல மாத்தியிருப்போமே! நாங்க நெஞ்சு வியாதின்னுல்லா அரண்டு கெடந்தோம். எங்க மூத்த மருமக தெனம் ஜிம்முக்குப் போறா, அருண் அப்பாதான் கார்ல கொண்டு விடுதாவ. இதுல மறைக்க என்ன இருக்கு?”

மறைக்க என்ன இருக்கிறது? அத்தனை களியும், அத்தனை புரோட்டாவும், திரும்பி வந்த முட்டி வலியும், மூட்டைக்குப் பின்னால் போன டி.வி.யும் கற்பகத்தின் கண் முன்னால் வந்து நின்றன. ஒன்றுமே தேவைப்பட்டிருக்கவில்லை. வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தாள். இப்போதாவது அந்த முகம் கொஞ்சம் சுருங்கும் என்று எதிர்பார்த்தாள்.

வியாபாரி முகம் சுருங்குமா? பூவனநாதன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“டைபாய்டெல்லாம் அந்தச் சோலைச்சாமி கெளப்பிவிட்டது சம்மந்தி. தரகன் வாய்க்குப் பூட்டு ஏது? இவளை எக்சர்சைஸ்ல சேத்துவிட்டதே நான்தான். உடம்பைப் பாத்துக்கிட வேண்டாமாட்டின்னு சத்தம் போட்டு, மாடியில தனி ரூமே ஒதுக்கிக் குடுத்தேன். நம்மளும் தெனம் வாக்கிங் போற ஆளுல்லா.” ராப்பகலாகக் கண் முழித்ததாக அவரே சபையில் சொன்னது அந்தச் சிரிப்பில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

“உங்களுக்கு வாய்ச்ச மாதிரி யாருக்கு மைனி வாய்க்கும்?” என்று தங்கக்கனி உருகினாள். “சரி, அந்த வீடியோவை எனக்கும் அனுப்பிவிடச் சொல்லுங்க. இனி அடுத்தது எதைச் செய்யப் போறீங்க? சொல்லுங்க, நானும் கூடச் சேர்ந்துக்கிடுதேன்.”

எல்லோரும் கற்பகத்தைப் பார்த்தார்கள். மாடியில் கிடக்கும் அந்த எடைக்கல் ரெண்டும் கையில் இருந்தால் இப்போது எறிந்திருப்பாளோ என்னவோ, அவ்வளவு ஆத்திரம் வந்தது. காலிப் பாயசத் தம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே, குரல் உயராமல் சொன்னாள்:

“அதையும் அவியகிட்டயே கேளுங்க.”

கூடமே ரசித்தது. பூவனநாதன் மீசையைத் தடவிக்கொண்டார். “பாத்தீங்களா! இந்தக் காலத்துல புருஷன் சொல்லைத் தாண்டாத பொம்பளை” என்று தங்கக்கனி நெகிழ்ந்துபோய் மருமகள் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, உங்கம்மாகிட்ட இதையும் கத்துக்கிட்டு வா.”

அம்மா சொன்னது என்ன பேச்சு என்று ஜெயப்பிரியாவுக்கு மட்டும் விளங்கியது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு, “சரி அத்தை” என்றாள்.